நன்னன் மலையிலிருந்து பெசன்ட் நகர் வரை: ஓர் ஏடு பிறந்த கதை

ஜவ்வாது மலையில் ஊற்றெடுத்துச் செங்கத்தை ஒட்டி இறங்கி, திருவண்ணாமலை மாவட்டத்தின் வயல்களுக்குப் பாய்கிற ஆற்றை நாம் செய்யாறு என்கிறோம். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் அதைச் சேயாறு என்று பாடினார். அந்த ஆற்றங்கரை வழியாகவே போங்கள், நன்னனின் ஊர் வந்துவிடும் என்று ஒரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்தது அவர் பாட்டு. 583 அடிகள். பத்துப்பாட்டில் கடைசியாக நிற்கும் மலைபடுகடாம் அதுதான்.

பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இரணியமுட்டம் என்பது மதுரைக்கு வடக்கே அழகர்மலையை அடுத்த பகுதி என்பார்கள். பாடப்பட்டவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவில் இருந்த வேள், நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். அவனுடைய நவிர மலையைப் பர்வதமலை என்று அடையாளம் காட்டுகிறார்கள். ஜவ்வாது மலைத்தொடரிலிருந்து சற்று விலகித் தனியே எழுந்து நிற்கும் அந்தச் செங்குத்துப் பாறையைப் போளூர்ச் சாலையில் போகிற எவரும் பார்க்காமல் இருக்க முடியாது. பௌர்ணமி நாள்களில் அதன் உச்சிக் கோயிலுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது அந்தப் பாட்டு எழுதப்பட்ட ஏட்டின் கதை. மலையில் பிறந்த பாட்டு, கடற்கரையில் ஒரு நூல்நிலையத்தில் ஏடாக வந்து சேர்ந்த கதை.

பாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதைக் காப்பாற்றினார்கள் என்பதே விளங்காது. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறிய கூத்தர் குடும்பத்துக்கு மலைப்பாதையை அடி அடியாக விளக்குகிறான். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இருட்டில் கால் வைக்காதீர்கள். பரண் மேலிருந்து யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள். பாறை வழுக்கும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். குறவர் குடியிருப்புக்குப் போனால் உறவினரைப்போல் வரவேற்பார்கள். மூங்கில் குழாயில் விளைந்த தேன் கள், பன்றிக்கறி, பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் சேர்த்துச் சமைத்த உணவு கிடைக்கும். அந்தக் கடைசிச் சமையல் குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பலாவும் புளியும் தேனும் இன்றைக்கும் ஜவ்வாது மலைக்காரர்கள் கீழே கொண்டுவந்து விற்கிற பொருள்கள்தாம். தினையின் இடத்தில் இப்போது சாமை அதிகம்.

பிறகு ஓசைகள் வருகின்றன. மலையின் ஓசைகளை மட்டும் ஐம்பது அடிகளுக்கு மேல் அடுக்கிக்கொண்டே போகிறார் புலவர். அருவியில் ஆடுபவர்களின் ஆரவாரம், தேன் அழித்தவர்களின் கூச்சல், வேங்கைப் பூ பறிக்கப் போன பெண்கள் ‘புலி புலி’ என்று போடும் சத்தம், புலி கிழித்த கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு, தினை குற்றும் பெண்களின் வள்ளைப் பாட்டு, கிளி ஓட்டும் தட்டை ஒலி, கரும்பாலையின் இரைச்சல். ஒலிப்பதிவுக் கருவி கையில் இருந்தால்கூட இவ்வளவு நுட்பமாக ஒரு மலையைப் பதிவு செய்வது கடினம்.

இந்தப் பாட்டைப் பெருங்கௌசிகனார் தம் கையால் ஓலையில் எழுதினாரா, வாயால் பாட யாராவது எழுதிக்கொண்டார்களா? எழுதியிருந்தாலும் அந்த ஓலை மண்ணோடு மண்ணாகிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பனையோலையின் ஆயுள் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் முந்நூறு ஆண்டுகளைத் தாண்டினாலே அதிகம். ஆகவே ‘மூலப் பிரதி’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. இருப்பது பிரதியின் பிரதியின் பிரதி. இதைக் குறையாகச் சொல்லும் வழக்கம் படித்தவர்களிடம் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

மூலப் பிரதி என்றதும் உலகம் முதலில் நினைப்பது வேறு மாதிரியான கதைகளை. ஆலிஸின் அற்புத உலகம் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு படகுப் பயணத்தில் லூயிஸ் கரோல் மூன்று சிறுமிகளுக்குச் சொன்ன கதை அது. அவர்களில் ஒருத்தியான ஆலிஸ் லிடல் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். 90 பக்கங்களில் தம் கையால் எழுதி, 37 படங்களையும் தாமே வரைந்து, 1864 நவம்பரில் அவளுக்குப் பரிசளித்தார் கரோல். அச்சுப் புத்தகம் மறு ஆண்டு விரிவான வடிவில் வந்தது. கையெழுத்துப் பிரதி ஆலிஸிடமே இருந்தது. கணவரை இழந்து முதுமையில் பணத்தேவை வந்தபோது 1928-இல் அதை ஏலத்துக்கு விட்டார். 15,400 பவுனுக்கு அமெரிக்கப் புத்தக வியாபாரி ரோசன்பாக் வாங்கினார். பிறகு எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்ற தொழிலதிபரிடம் போனது. அவர் இறந்தபின் 1946-இல் மீண்டும் ஏலம். இம்முறை அமெரிக்கப் புத்தக ஆர்வலர்கள் பணம் திரட்டி 50,000 டாலருக்கு வாங்கி, போரில் பிரிட்டன் உறுதியாக நின்றதற்கு நன்றியாக 1948-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அழகான கதைதான். எழுதிய கை தெரியும், வாங்கிய கை தெரியும், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் விலைச்சீட்டு உண்டு. எண்பத்து நான்கு ஆண்டுகளில் முடிந்த பயணம். மலைபடுகடாம் ஏட்டின் பயணத்துக்கு விலைச்சீட்டு கிடையாது. அதை எழுதிய கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் கிடையாது.

ஓர் ஏடு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். பதமான பனையோலையை நரம்பு நீக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழுவழுப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து, ஒரே அளவாக நறுக்குவார்கள். கயிறு கோக்கத் துளை போடுவார்கள். எழுதுபவர் இடக்கையில் ஓலையைப் பிடித்து, கட்டைவிரல் முனையில் எழுத்தாணியை அண்டக்கொடுத்து, ஓலையை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே கீறுவார். கீறிய எழுத்து உடனே கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கரியையும் இலைச்சாற்றையும் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். அப்போதுதான் ஏடு கண் திறக்கும். பிறகு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டினால் சுவடி. பனை சமவெளியின் மரம். மலையைப் பற்றிய பாட்டு, மலைக்குக் கீழே வளர்ந்த மரத்தின் ஓலையில்தான் உயிரோடு இருந்திருக்கிறது.

இப்படி எழுதிய ஏட்டைப் படிப்பது எழுதுவதைவிடக் கடினம். ஓலையில் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும். ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடில்லை. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் இரண்டும் ஒரே உருவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ப, ர, ல என்று மூன்று எழுத்துகள் அடுத்தடுத்து இருந்தால் அது பரல் என்னும் கல்லாகவும் இருக்கலாம், பால் என்னும் உணவாகவும் இருக்கலாம். மலைப்பாதையையும் ஆயர் குடியையும் அடுத்தடுத்துப் பாடுகிற ஒரு பாட்டில் இரண்டுக்குமே இடம் உண்டு. பொருள் தெரிந்தவருக்குத்தான் எழுத்து தெரியும். ஆக, ஏட்டைப் பெயர்த்தெழுதுகிற ஒவ்வொருவரும் பாட்டை ஓரளவாவது புரிந்துகொண்டுதான் எழுதியாக வேண்டும். புரியாமல் எழுதியவர்களும் உண்டு. அவர்கள் விட்ட பிழைகளும் ஏட்டோடு சேர்ந்தே பயணம் செய்தன.

யார் இவர்கள்? மடங்களில் படித்த மாணவர்கள், தம்பிரான்கள், தலைமுறை தலைமுறையாகக் கவிராயர் பட்டம் தாங்கிய குடும்பத்தார், ஊர் ஊராகப் பாடம் சொன்ன புலவர்கள். ஆசிரியரிடம் ஒரு நூலைப் பாடம் கேட்க வேண்டுமானால் முதலில் அந்த நூலை நீ எழுதிக்கொள்ள வேண்டும். படிப்பு என்பதே பெயர்த்தெழுதுவதில்தான் தொடங்கியது. சில ஏடுகளின் கடைசியில் எழுதி முடித்த நாள், கிழமை, எழுதியவர் பெயர், பிழை பொறுக்க வேண்டும் என்ற வேண்டுகோள் எல்லாம் இருக்கும். பலவற்றில் ஒன்றும் இருக்காது.

இந்தச் சங்கிலியில் நமக்குப் பெயர் தெரிந்த பெரிய கண்ணி நச்சினார்க்கினியர். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பொதுவான கணிப்பு. பத்துப்பாட்டு முழுவதற்கும் அவர் உரை எழுதினார். அடிகளைப் பிரித்து, தூரத்தில் கிடக்கும் சொல்லை இங்கே கொண்டுவந்து சேர்த்துப் பொருள் சொல்லும் அவர் முறையைக் குறை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த உரை இல்லாமல் இந்தப் பாட்டு நம் கைக்கு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். உரை வேண்டும் என்பதற்காகவே பல வீடுகளில் ஏட்டைப் புதுப்பித்தார்கள். அந்த நிழலில் மூலமும் பிழைத்தது.

நாட்டில் ஒரு மூலையில் மட்டும் பாட்டின் நினைவு தனியாகத் தங்கியிருந்தது. செங்கம் ரிஷபேசுவரர் கோயிலில் உள்ள இடைக்காலக் கல்வெட்டு ஒன்று, பாடல் பெற்ற நன்னனின் வெற்பு என்று அந்த மலையைப் பாராட்டுகிறது. பாட்டு பிறந்து ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னும் செங்கத்தில் ஒரு கவிஞனுக்கு, இது வெறும் மலையன்று, பாட்டில் ஏறிய மலை என்பது தெரிந்திருந்தது. அதற்கப்புறம் நெடுங்காலம் மௌனம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை இதுதான்: பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை மட்டும் அச்சில் வந்திருந்தது. அது பன்னிரு திருமுறையில் சேர்ந்த பக்தி நூல். முருகன் கோயில் உள்ள இடமெல்லாம் பாராயணம் செய்யப்பட்டது. ஆறுமுக நாவலர் 1851-இலேயே பதிப்பித்துவிட்டார். மற்ற ஒன்பதும் பல வித்துவான்களுக்குப் பெயரளவில்கூடத் தெரியாது. பாடத்திட்டம் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று போய்க்கொண்டிருந்தது. அவற்றைப் படிக்கவே ஓர் ஆயுள் போதாது என்றிருந்த காலம்.

அந்தப் பாடத்திட்டத்தில் மிகச் சிறந்த மாணவராகத் தேறியவர்தான் உ.வே. சாமிநாதையர். 1855-இல் பிறந்தவர், உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். அந்த அக்டோபர் மாதம் கும்பகோணத்து முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் ‘சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டதும், அந்தக் கேள்வி அவர் வாழ்க்கையைத் திருப்பியதும் தமிழ் படித்தவர்களெல்லாம் அறிந்த செய்தி. சீவக சிந்தாமணிக் காப்பியத்தின் உரையில் நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் மேற்கோள் காட்டிய அடிகள் எங்கிருந்து வந்தவை என்று தேடப் புகுந்தபோது, திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் பத்துப்பாட்டு கண்ணில் பட்டது. அந்த மடத்தின் புத்தகச்சாலை இல்லாவிட்டால் இந்தக் கதை இதே இடத்தில் முடிந்திருக்கும்.

1887-இல் சிந்தாமணியை வெளியிட்ட கையோடு பத்துப்பாட்டுக்குப் புறப்பட்டார். கிடைத்த ஏடு ஒன்றும் முழுமையாக இல்லை. ஒன்றில் முதல் பாட்டுகள், ஒன்றில் நடுப்பாட்டுகள், ஒன்றில் பூச்சி தின்ற மிச்சம். உரைக்குள் மூலம் கலந்து கிடந்ததால் எது புலவர் வாக்கு, எது உரையாசிரியர் வாக்கு என்று பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கல்லூரி விடுமுறை வந்தால் ரயிலும் மாட்டுவண்டியுமாகத் திருநெல்வேலிச் சீமைக்குப் போவார். அங்கே கவிராயர் வீடு ஒன்றில் ஏடுகளை அடுக்கி வைத்திருந்த ஒழுங்கைப் பார்த்து அவர் பூரித்துப்போனதை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பயணத்தில் ஒரு நாளை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். ஆழ்வார்திருநகரியில் லட்சுமண கவிராயர் என்பவர் வீட்டில் தேடுகிறார். கட்டுக் கட்டாக ஏடுகள். பத்துப்பாட்டு மட்டும் இல்லை. சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அன்று ஊரில் திருவிழா. வீதியில் ஆழ்வார் எழுந்தருளி வருகிறார். ஐயர் சைவ மடத்தில் வளர்ந்த தமிழர். ஆனாலும் தமிழ்வேதம் செய்த நம்மாழ்வாரிடம் கண்ணீர் விட்டு, உங்கள் ஊருக்கு வந்தும் வெறுங்கையோடு போவதா என்று முறையிடுகிறார். பிறகு இரவு. கவிராயர் வருகிறார். தம் உறவினர் வீட்டில் தேடி எடுத்த ஒரு சுவடியை மேலாடைக்குள்ளிருந்து எடுத்து நீட்டுகிறார். விளக்கு கொண்டுவரும்வரை பொறுக்க முடியவில்லை ஐயருக்கு. நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்க்கிறார். முல்லைப்பாட்டு என்ற பெயர் கண்ணில் படுகிறது. அந்தச் சுவடியில் ஏழு பாட்டுகள் இருந்தன.

கீறல் எழுத்தை நிலவொளியில் படிப்பது எவ்வளவு கடினம் என்று ஏட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓலையைச் சாய்த்துப் பிடித்தால்தான் கீறலில் நிழல் விழும். ஓர் எழுத்து பிடிபட்டால் அடுத்ததை மனம்தான் படிக்கும். பார்த்தவுடன் பெயர் தெரிந்தது என்றால், அந்தப் பெயரை எத்தனை நாள் மனத்தில் சுமந்துகொண்டிருந்தார் என்று பொருள்.

ஏழு போக மிச்சத்துக்கும் அலைச்சல் நிற்கவில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மலைப்பூக்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் ஏடுகளெல்லாம் ஒரே மாதிரி ஒரு பகுதியை விட்டிருந்தன. எங்கோ, என்றோ ஒரே தாய்ஏட்டில் ஓலை ஒடிந்திருக்க வேண்டும். விடுபட்ட பூக்களின் பெயர்கள் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் கிடைத்தன. சில பூப்பெயர்களுக்காக ஒரு மனிதர் மடத்துக்கு மடம் போய்க் கட்டுகளை அவிழ்த்திருக்கிறார். அந்தப் பூக்களின் பட்டியல் இன்று பள்ளிப் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினார். ஒடிந்துபோன ஏடுகளை என்ன செய்வது என்று தெரியாமல், சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் போட்டுவிட்டோம் என்று கோயிலில் இருந்தவர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, மரியாதையாகத்தான் எரித்தார்கள். அதில் எந்தப் புலவரின் எந்த மலை சாம்பலாயிற்றோ. பெயர்த்தெழுதும் கை ஒரு தலைமுறை ஓய்ந்தால் ஏட்டுக்கு ஆறு, தீ, கரையான் மூன்றில் ஒன்றுதான் வழி.

1889-இல் பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையோடு முழுதாக அச்சேறியது. பத்தாவது பாட்டாக மலைபடுகடாம் அதில் இருந்தது. நன்னனிடம் போக வழி சொன்ன கூத்தனின் குரல் முதன்முறையாக அச்செழுத்தில் ஒலித்தது. எந்தெந்த ஊரில் யார் யார் ஏடு கொடுத்தார்கள் என்று முகவுரையில் பட்டியல் போடுவது ஐயரின் வழக்கம். அந்தப் பட்டியல்களை நான் நன்றியுரையாகப் படிப்பதில்லை. அது ஏட்டின் வமிசாவளி. எந்த வீட்டு ஏடு எந்தப் பாடத்தைக் கொண்டது என்று அடிக்குறிப்பில் காட்டியதால்தான் அடுத்து வந்தவர்கள் அவரையே திருத்தவும் முடிந்தது.

ஏடு தேடியவர்கள் வேறு பலரும் உண்டு. சி.வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கலித்தொகையை அதே 1887-இல் பதிப்பித்தார். கர்னல் மெக்கன்சி திரட்டிய சுவடிகளும் பிறவும் சேர்ந்து சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869-இலேயே உருவாகியிருந்தது. ஐயரை நான் தனித்துச் சொல்வதற்குக் காரணம், அச்சான பிறகும் அவர் ஏடுகளை விட்டுவிடவில்லை என்பது. அச்சுப் புத்தகம் கைக்கு வந்ததும் ஓலை எதற்கு என்று பல வீடுகள் பரணைக் காலி செய்த காலத்தில், ஐயர் தம் ஏடுகளையும், அவற்றைப் பார்த்து எழுதிய காகிதப் பிரதிகளையும், குறிப்புப் புத்தகங்களையும் கூடவே கொண்டு போனார். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தபோது ஏடுகளும் வந்தன. திருவல்லிக்கேணியில் ‘தியாகராஜ விலாசம்’ என்ற அவருடைய வீட்டில் மனிதர்களுக்கு இணையாக ஏடுகளும் குடியிருந்தன.

1942-இல் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற பயத்தில் சென்னையே காலியானபோது, எண்பத்தேழு வயதில் அவரும் திருக்கழுக்குன்றம் போனார். ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். ஆனந்த விகடனில் வந்துகொண்டிருந்த ‘என் சரித்திரம்’ பாதியிலேயே நின்றது.

ஏடுகள் என்ன ஆகும்? ஒரு புலவர் இறந்தால் அவர் சுவடிகள் பாகப்பிரிவினையில் சிதறுவதும், பரணில் செல்லரிப்பதும் அன்றைய வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. மகன் கல்யாணசுந்தரையர் தொகுப்பைப் பிரிக்காமல் கொடுக்க முன்வந்தார். கலாக்ஷேத்திராவை நடத்திய ருக்மிணி தேவி அருண்டேல் பொறுப்பேற்றார். 1943-இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் தொடங்கியது. 1967-இல் பெசன்ட் நகரில் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏட்டுச் சுவடிகள் அங்கே இருக்கின்றன. பத்துப்பாட்டுச் சுவடிகளும் அவற்றில் உண்டு. வீட்டு எண்ணெய் விளக்கில் படித்த ஏடு, பட்டியல் எண் பெற்ற ஏடாயிற்று. புல்தைலம் தடவி, புதுச் சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள். புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் சங்க இலக்கியத் திட்டம் இச்சுவடிகள் உள்ளிட்ட பல இடத்து ஏடுகளைப் படமெடுத்து ஒப்புநோக்கும் வேலையைச் செய்திருக்கிறது. அதுவும் ஒரு பெயர்த்தெழுதல்தான். இந்த முறை எழுத்தாணியின் இடத்தில் கேமரா.

ஆற்றுப்படை என்பது பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டும் பாட்டு. போய்வந்த கூத்தன் போகாத கூத்தனுக்குச் சொல்கிறான். மலைபடுகடாம் நம்மிடம் வந்த முறையும் அதுவே. படித்தவன் படிக்காதவனுக்கு எழுதிக் கொடுத்தான், அவன் அடுத்தவனுக்கு. நன்னனிடம் பரிசு பெற்ற அந்தக் கூத்தனுக்குப் பாட்டில் பெயர் இல்லை. ஏடெழுதிய பெரும்பாலோருக்கும் பெயர் இல்லை. கரோலின் கையெழுத்தைக் கண்ணாடிக்குள் பார்க்கிறவர்கள் ஒரு மனிதரின் கையைப் பார்க்கிறார்கள். பெசன்ட் நகரில் ஓலையைப் பார்க்கிறவர்கள் ஐம்பது தலைமுறையின் கையைப் பார்க்கிறார்கள். எழுத்தின் ஒவ்வொரு சுழியிலும் யாரோ ஒருவர், இது போய்விடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். மூலப் பிரதி இல்லையே என்று எனக்கு வருத்தம் வராததற்குக் காரணம் இதுதான்.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. மலைபடுகடாம் வழியில் எதிர்ப்படும் நடுகற்களையும் பாடுகிறது. பெயர் பொறித்து மர நிழலில் நட்ட வீரர் கற்கள். அந்தப் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு நூலே வெளியிட்டது. எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவகத்தி என்னும் வீரனும், அவன் இறந்த பின்னும் கள்வர்களை விடாமல் கடித்து நின்ற கோவிவன் என்னும் அவன் நாயும் இருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்தில் வெட்டிய எழுத்து, பிறந்த மண்ணிலேயே படிக்கக் கிடைக்கிறது. கல்லைப் பெயர்த்தெழுத வேண்டியதில்லை. வீரன் விழுந்த ஊரைவிட்டு அது போகவும் இல்லை. ஏடு அப்படியில்லை. உயிர் பிழைப்பதற்காகவே அது மலையைவிட்டுக் காவிரிக்கரை மடத்துக்கும் தாமிரபரணிக்கரை வீட்டுக்கும் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் போக வேண்டியிருந்தது.

போனதில் தவறில்லை, போயிராவிட்டால் இருந்தேயிராது. ஆனால் இனி அது திரும்பி வருவதற்குத் தடையில்லை. ஓலையைக் கேட்கவில்லை, ஓலை குளிர் அறையில் இருக்கட்டும். படமெடுத்த ஏடுகளின் அச்சுப் படியை, பக்கத்திலேயே இன்றைய எழுத்தில் பாட்டையும் எளிய உரையையும் சேர்த்து, ஜவ்வாது மலை மேலுள்ள ஜமுனாமரத்தூரில் ஒரு கூடத்திலும் செங்கத்தில் ஒரு கூடத்திலும் வைக்க எவ்வளவு செலவாகும்? மலைப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் ஆறு, தங்கள் பலாக்கொட்டைச் சமையல், தங்கள் பாட்டிகள் தினை குற்றிப் பாடிய பாட்டு எல்லாம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய நூலில் இருப்பதை ஓலையின் படத்திலேயே விரல் வைத்துக் காட்டலாம். அவர்களில் சிலருக்கு ஓலையில் எழுதவும் கற்றுத்தரலாம். ஏடெழுதத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 583 அடிகள், ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு இருபது அடி எழுதினால், ஜவ்வாது மலையிலேயே எழுதிய ஒரு மலைபடுகடாம் ஏடு ஒரே கோடை விடுமுறையில் பிறந்துவிடும்.